தொரைக்கல்லைத் தேடிப் போன காணும் பொங்கல்

காணும் பொங்கலன்று குரோம்பேட்டையில் இருக்கிற எல்லோரும் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போவார்கள், இல்லையென்றால் கடற்கரைக்குப் போவார்கள். நானும் என் அத்தாவும் 2006 காணும் பொங்கலுக்கு, போர்க்காலத்தில் விமானம் விழுந்த இடத்தைத் தேடிப் போனோம். விடுமுறை நாளில் அப்பாவை அழைத்துக்கொண்டு போவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று பள்ளியில் என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது தாம்பரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து விமானங்கள் கடலோரக் காவலுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. வங்கக் கடலில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தெரிகிறதா என்று மணிக்கணக்காகத் தேடிவிட்டுத் திரும்பும். மழை மேகத்தில் வழி தவறியவை உண்டு. எஞ்சின் நின்று, ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வயலிலோ ஏரியிலோ விழுந்தவையும் உண்டு. போர்க்காலம் என்பதால் அதையெல்லாம் செய்தித்தாளில் போட மாட்டார்கள். பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

அத்தாவின் அண்ணன் காதர், எங்களுக்குப் பெரியத்தா, அந்த விமான தளங்களில் ஒன்றில் கூலி வேலை பார்த்தார். பெட்ரோல் பீப்பாய் உருட்டுகிற வேலை. ஒரு நாள் காலையில் போனவர் திரும்பவில்லை. காண்டிராக்டரிடம் கேட்டதற்கு, "மத்தியானத்துக்கு மேலே ஆளைக் காணோம்" என்று கையை விரித்துவிட்டான். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே பயந்து கிடந்த காலம். நிறையப் பேர் சொந்த ஊர் பார்க்க ஓடினார்கள். பெரியத்தாவுக்குக் கல்யாணப் பேச்சில் வீட்டோடு சின்ன மனத்தாங்கலும் இருந்திருக்கிறது. போதாதா? ஓடிப்போனவன் என்று ஜமாஅத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரைப் பெற்றவர் அதையே பிடித்துக்கொண்டார். ஓடிப்போனவன் என்றால் உயிரோடு இருக்கிறான் என்றுதானே பொருள்? இறந்தவர்களுக்கு ஓதுகிற பாத்திஹாவை ஓத விடவில்லை, கடைசி வரைக்கும்.

அத்தாவுக்கு அப்போது பத்து வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். போன ரமலானில் ஒரு நாள், "அண்ணனுக்குத் துவா கேக்கணும்னா உசுரோட இருக்கறவருக்குக் கேக்கறதா, மௌத்தானவருக்குக் கேக்கறதான்னு இன்னும் தெரியலம்மா" என்றார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தென்சென்னை ஏரிகளைப் பற்றி நான் எழுதிய பழைய பதிவின் கீழேயே கேட்டு வைத்தேன்: விமானம் விழுந்த இடம் யாருக்காவது தெரியுமா? இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் குன்றத்தூர்ப் பக்கம் என்றார். இன்னொருவர் அகரம்தென் தாண்டி ஓர் ஏரிக்கரையில் 'தொரைக்கல்' என்று ஒன்று இருக்கிறது, வெள்ளைக்கார விமானிக்குப் படையல் போடுகிறார்கள் என்றார். இரண்டையும் பார்த்துவிடுவது, நடுவில் போர்க் கல்லறைக்கும் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

காலை எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். நாள் முழுவதற்கும் எழுநூறு கேட்டார், அறுநூறுக்குப் படிந்தது. டிரைவர் பெயர் பாபு. ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியதும் புலம்ப ஆரம்பித்தார். "இன்னாக்கா, ஊரே ஜூவுக்குப் போய்க்கினு கீது, நீங்க சுடுகாட்டுக்குப் போவ சொல்றீங்க. நல்ல நாளும் அதுவுமா பேஜாரு." சுடுகாடு இல்லை, கல்லறைத் தோட்டம் என்று திருத்தினேன். அதனால் அவருக்கு எந்த ஆறுதலும் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறை குரோம்பேட்டையிலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் இல்லை. புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள், செருப்போடு நடக்கவே கூச்சமாக இருந்தது. விமானப் படையினரின் கற்களில் கழுகுச் சின்னம் இருக்கும், எளிதில் கண்டுபிடிக்கலாம். அத்தாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஒவ்வொரு கல்லாக நின்று, வயதை மட்டும் படிக்கச் சொன்னார். இருபது. இருபத்திரண்டு. இருபத்தொன்று. "எல்லாம் எங்கண்ணன் வயசுப் பசங்க" என்றார். பீப்பாய் உருட்டிய கூலி ஆளுக்கு இங்கே கல் இருக்காது என்று தெரிந்தேதான் வந்தோம். இருந்தும் அத்தா ஒரு வரிசையையும் விடவில்லை.

குன்றத்தூர் பயணம் வீண். முருகன் கோயில் மலைக்குப் பின்பக்கம், பெட்டிக்கடை வைத்திருந்தவர் உற்சாகமாக ஒரு பள்ளத்தைக் காட்டினார். விமானம் விழுந்ததா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். எப்போது என்றேன். "எங்க பையன் ஸ்கூல் படிக்கச் சொல்ல" என்றார். பையன் உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான், முப்பது வயது இருக்கும். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அத்தா இரண்டு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "சரி, அடுத்தது" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார். வெயில் ஏறிவிட்டது, வீட்டுக்குப் போய்விடலாமா என்று நான் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகத் திரும்பி, கிழக்குத் தாம்பரம், கேம்ப் ரோடு, சேலையூர், அகரம்தென். நெரிசலால் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அகரம்தென்னுக்கு அப்புறம் மண் சாலை, இரண்டு பக்கமும் மனைப் பிரிவுக் கொடிகள். சென்ற ஆண்டு மழைக்கு ஏரி தளும்பி நின்றது. ஏரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மனை விற்பவர்களின் கண் ஏற்கனவே அந்தக் கரையில் இருக்கிறதாம், பெயர் போட வேண்டாம் என்று அங்கே சந்தித்த அக்கா கேட்டுக்கொண்டார்.

அந்த அக்காவின் பெயர் செல்வி. ஐம்பது வயது இருக்கலாம். நாங்கள் போனபோது, கரைமேல் முழங்கால் உயரக் கல் ஒன்றுக்கு முன்னால் வாழை இலை போட்டுக்கொண்டிருந்தார். இலையில் சர்க்கரைப் பொங்கல், ஒரு பாக்கெட் சிகரெட், குவார்ட்டர் பிராந்தி, பன். தொரைக்கல் இதுதான். காணும் பொங்கலுக்கு வருஷா வருஷம் இந்தப் படையல்.

கதையை அவர் அப்பா சொல்லித் தெரிந்துகொண்டாராம். அப்பா மாடு மேய்த்தவர். "கடல் பக்கத்துலேர்ந்து ஏரோப்பிளான் வந்துச்சாம். இந்தக் கோரையில விழுந்து எரிஞ்சிக்கினு இருந்துச்சாம். எங்க அப்பால்லாம் தூரத்துல நின்னு பார்த்துக்கினு இருந்தாங்க, கிட்ட போவ பயம். ஒரே ஒரு தொரை மட்டும் நெருப்புக்குள்ள பூந்து ஒருத்தன வெளிய இழுத்துப் போட்டாராம். ஏரோப்பிளான்லேர்ந்து தப்பிச்ச மனுசன் அப்டியே நிக்கலாம் இல்ல? கூட்டாளி உள்ள கீறான்னு திரும்பப் போனாராம். அப்பதான் குண்டு வெடிச்சிது." நீர்மூழ்கிக் கப்பலுக்கென்று விமானத்தில் வைத்திருந்த குண்டாக இருக்கும்.

சாயங்காலம் பட்டாளத்து வண்டி வந்து, அவர்கள் ஆட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் கழித்துக் கோரைக்குள் பூட்ஸ் போட்ட ஒரு கால் மட்டும் கிடைத்திருக்கிறது. போய்ச் சொன்னால் விசாரணை என்று இழுப்பார்கள் என்று பயந்து, செல்வியின் அப்பா கரையில் புதைத்துக் கல் நட்டுவிட்டார்.

"வெள்ளைக்காரர்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"காக்கி போட்டிருந்தாரு. பூட்ஸ் போட்டிருந்தாரு. அந்தக் காலத்துல தொரைய விட்டா யாரு பூட்ஸ் போடுவாங்க?"

அத்தா அதற்குள் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். கல்லின் அடியில், மஞ்சள் குங்குமத்தோடு, எண்ணெய் தடவித் தடவிக் கறுத்துப்போன இரும்புத் துண்டுகள் இரண்டு இருந்தன. பிறை மாதிரி. பூட்ஸ் அடியில் இருந்ததாம், பூட்ஸ் மக்கிப் போகும் என்று இதை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார்கள். தொடலாமா என்று கேட்டுவிட்டு அத்தா கையில் எடுத்தார். விரலால் ஓட்டைகளை எண்ணினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது மாட்டு லாடம்மா."

எங்கள் அத்தாவைப் பெற்றவர் பல்லாவரம் சந்தையில் மாடுகளுக்கு லாடம் கட்டியவர். அத்தா சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. விமான தளத்தில் யாரோ கழித்துப் போட்ட பூட்ஸைப் பெரியத்தா வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். குதிகால் தேய்ந்து போயிருந்தது. மாட்டுக் குளம்புக்கு அடிக்கிற லாடத்தில் இரண்டைச் சேர்த்துவைத்து அவருடைய அப்பா அடித்துக் கொடுத்தாராம். குளம்புக்கு மூன்று ஆணி போதும். பூட்ஸுக்கு நிற்காது என்று ஓரத்தில் நாலாவதாக ஓர் ஓட்டை போட்டாராம். "நான்தான் பூட்ஸைப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். கைய எடுடா, ஆணி எறங்கிடும்னு என்னைத் திட்டினாரு. இதோ பாரு, நாலாவது." நாலாவது ஓட்டை இரண்டிலும் இருந்தது. விமானம் தாழ்ந்து விழுவதைத் தளத்திலிருந்து பார்த்துவிட்டு, வேலைக்குப் போட்ட காக்கியோடு பெரியத்தா இங்கே ஓடி வந்திருக்க வேண்டும்.

செல்வி அக்காவின் முகம் மாறிவிட்டது. "இன்னா பெரியவரே சொல்றீங்க? தொரையப் போயி உங்க அண்ணன்றீங்களா?"

"எந்தத் தொரைம்மா பூட்ஸுக்கு மாட்டு லாடம் அடிப்பான்?"

படையலுக்கு வந்திருந்த இரண்டு மூன்று ஆட்கள் கிட்டே வந்தார்கள். பாய் வீட்டு ஆள் என்று சொல்லிக் கரையைக் கேட்கப் போகிறோமோ என்று ஒருவர் உரக்கவே கேட்டார். பாபு ஆட்டோவிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஆள் நல்லவர். நான் காரமாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்தா முந்திக்கொண்டார்: "எதையும் எடுத்துக்கிட்டுப் போக வரல தம்பி. என் அண்ணன் ஓடிப்போனான்னு எங்க ஜனமே சொல்லிச்சு. நீங்க அறுபது வருசமா வெளக்கேத்தி இருக்கீங்க. ஒரு துவா ஓதிட்டுப் போயிடறேன். லாடம் இங்கயே இருக்கட்டும்."

செல்வி அக்கா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயோ, பாய்க்குப் போயி இத்தன வருசம் பிராந்தி வெச்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாட்டிலையும் சிகரெட்டையும் தூக்கி அந்த ஆட்களிடம் கொடுத்துவிட்டு, குடத்தில் ஏரித் தண்ணீர் மொண்டுவந்து கல்லை உச்சியிலிருந்து அடிவரை கழுவினார். பொங்கலும் பன்னும் இலையிலேயே இருந்தன. "உங்க அண்ணனுக்கு இன்னா புடிக்கும்? அடுத்த வருசம் அத வெக்கிறேன்" என்றார்.

அத்தா யோசித்தார். வெகு நேரம் யோசித்தார். "தெரியலியேம்மா. எனக்குப் பத்து வயசு" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓதினார். கேள்வி கேட்ட அந்த ஆளும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நாலாவது ஓட்டை எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாக நிற்காது என்று எனக்குத் தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது.

இதுபோல் தேடிப் போக நினைப்பவர்களுக்கு: காணும் பொங்கலன்று போகாதீர்கள், ஜி.எஸ்.டி. சாலை உயிரை வாங்கிவிடும். கல்லறைத் தோட்டத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் நிழல் இல்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து அகரம்தென்னுக்குப் பஸ் இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் நடைதான். கரையில் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் எந்த ஆண்டு, என்ன ரகம் என்று ஊர்க்காரர்களைத் துளைக்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது. யாரைப் புதைத்தீர்கள் என்று கேளுங்கள்.

நாங்கள் அந்திநேர மஃரிப் தொழுகைக்குள் குரோம்பேட்டை வந்துவிட்டோம். அத்தா வீட்டுக்குக்கூட வராமல் நேராகப் பள்ளிவாசலில் இறங்கினார். தொழுகை முடிந்ததும், தொழ வைத்த ஹஜ்ரத்திடம் போய், அண்ணன் மௌத்தாகிவிட்டார், யாசீன் ஓத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஹஜ்ரத் வெளியூர்க்காரர், இளைஞர். பதறிப்போய், "இன்னா லில்லாஹி... எப்ப மௌத்தானாங்க பாய்?" என்று கேட்டாராம்.

"எங்க வூட்டுக்கு இன்னிக்குத்தான்" என்றாராம் அத்தா.