தோணியில் ஏறிய பனியன் துணி

விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பூரில் பஸ் ஏறினோம், நானும் என் கூட்டாளி இப்ராகிம் ராவுத்தரும். மடியில் ஒரு பெரிய மூட்டை. அதற்குள் தோணிக்குக் கட்டும் பாய் இருக்கிறது என்றால் கண்டக்டர் நம்பியிருக்க மாட்டார்.

அவிநாசிபாளையம் தாண்டும்போது ராவுத்தர் கேட்டார்: "ஏனுங்க கவுண்டரே, நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. நீங்க?"

"எங்கீங்க! அமராவதியில வெள்ளம் வந்தப்பப் பாத்ததுதானுங்க."

அது அறுபதுகளின் கடைசி. எங்கள் 'குருவி மார்க்' பனியனைச் சீந்துவாரில்லை. இந்தப் பயணமும் வீணானால் மெஷினை விற்றுவிட்டு நான் வெள்ளகோவில் தோட்டத்துக்கும், அவர் மச்சான் கடைக்கும் போக வேண்டியதுதான். தூத்துக்குடிப் பஞ்சு வியாபாரி ஒருவர்தான் வழி சொன்னார். மாதா கோயில் திருவிழாவுக்குத் தோணிகளெல்லாம் அலங்காரத்தோடு துறைமுகத்தைச் சுற்றிவருமாம். ஊர்க் கடைக்காரர்கள் அத்தனை பேரும் கரையில் நிற்பார்களாம். ஒரு தோணியின் முன்பாயில் எங்கள் குருவி பறந்தால் போதும். பாயைக் கெட்டிக் கித்தான் துணியில் தைக்கச் சொன்னார். ஊடு நிறையத் துணியை வைத்துக்கொண்டு யாராவது வெளியில் வாங்குவார்களா? பனியன் துணியையே இரட்டையாக மடித்துத் தைத்து, சிவப்பில் குருவி அச்சடித்துவிட்டேன். என் சாமர்த்தியம் அப்படி.

மதுரையில் பஸ் மாறி, இட்லி தின்று, தூத்துக்குடி சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் பிற்பகல் துறைமுகத்துக்குப் போனோம். ஒவ்வொரு தோணியும் எங்கள் ஊர்ப் பஞ்சுக் கிடங்கு அளவு இருந்தது. பாய்மரங்கள் பனந்தோப்பு மாதிரி நெருங்கி நின்றன. எங்கு பார்த்தாலும் வண்ணக் கொடிகள். ராவுத்தர் கடலில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

எங்கள் பாயைக் கட்ட ஒத்துக்கொண்டிருந்தவர் சூசை, தோணியை ஓட்டும் தண்டல். துணியை இழுத்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இழுத்த இழுப்புக்கு வருது?"

"கெட்டித் துணிதானுங்க" என்றேன் வீறாப்பாக.

ஏற்றினார்கள். மற்றத் தோணிகளின் பாய்கள் விறைத்து நின்றன. எங்களுடையது தொப்பை போட்டுத் தொங்கியது. குருவி அகன்று, வயிறு சரிந்து, முட்டையிடப் போகும் கோழியாகிவிட்டது. "ஏலே, கோழி வருதுலே!" என்று கரையே கைகொட்டிச் சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ராவுத்தர் மூட்டை கட்டிவந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

தோணி கரைக்குத் திரும்பியதும் சூசை பாயை இறக்கினார். "அம்புட்டுக் காத்தும் ஓட்ட வழியாப் போயிட்டு. இத வச்சு எங்கய்யா போவ?" என்று அதிலேயே வேர்வையைத் துடைத்தார். துடைத்தவர் அதைத் தோளில் போர்த்திக்கொண்டு காற்றுக்கு எதிரே சற்று நின்றார்.

"பாய்க்கு ஆவாது. மேலுக்குச் சொகமா இருக்கே! காத்து உள்ள வருதுல்லா. எங்க பயலுவளுக்கு இதுல பனியன் தச்சுத் தருவியளா?"

மறுநாள் கடைவீதியில் ஒரு கடைக்காரர் எங்களை மறித்தார். "கோழி பனியன் நீங்கதானா? காலையிலயே தோணிக்காரங்க கேட்டு வந்துட்டாங்க."

"குருவிங்க" என்றேன்.

"கேக்கவன் கோழின்னுதான கேக்கான்" என்றவர், அங்கேயே நின்று முதல் ஆர்டரைச் சொன்னார். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில், தாராபுரம் தாண்டியதும் நம் பக்கத்துக் காற்று ஜன்னலில் அடித்தது. உப்பு இல்லை, ஈரமில்லை, வெறும் செம்மண் புழுதி. அந்தக் காற்றும் என் பனியனுக்குள் சில்லென்று புகுந்தது.

"மார்க்கக் கோழின்னே மாத்திப்போடலாங்களா?" என்றார் ராவுத்தர்.

"மாத்துங்க. ஆனா அந்தத் தொங்குன வயிறு அப்படியே இருக்கோணுமுங்க."