சப்ரினா டீச்சரின் கண்ணாடிச் சுவர்

குறிஞ்சாக்கேணியில் உப்புநீர்க் களப்பைப் பார்த்தபடி சப்ரினா டீச்சருக்கு வீடு கட்டிக் கொடுத்தது கட்டாரிலிருக்கும் மகன் அஸாம். முன்மண்டபத்துக்குத் தெருப்பக்கச் சுவரே வேண்டாம், முழுக்கக் கண்ணாடி என்றான். உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடுமாம். ஆகித்தான் விட்டது. “நேத்து கதிரையில சாஞ்சபடியே நித்திரையாகிட்டீங்க போல, டீச்சர்” என்று மீன்காரர் அக்கறையோடு விசாரித்தார்.

நாள் முழுக்கப் பிள்ளைகள் முன்னால் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலாவது தலைத்துணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்ட வேண்டும். தடித்த திரைச்சீலை தைத்துப் போட்டாள். பட்டப்பகலில் லைட் எரிந்தது. திரை மறைத்ததால் யாரும் ஊடுருவிப் பார்க்க முடியாத கண்ணாடியை வெள்ளிக்கிழமைதோறும் வெளியே நின்று கழுவினாள். உப்புப் படிய விட்டால் ஊர் கதைக்கும்.

ஒருமுறை இடுப்புப் பிடித்துக்கொண்டது. சில வாரங்கள் கழுவ ஏலவில்லை. பிறகொரு நாள் தூசி தட்டத் திரையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். களப்புக் காற்றின் உப்புப் படிந்து கண்ணாடி பால்போல் வெளுத்திருந்தது. வெளிச்சம் தாராளமாக உள்ளே வந்தது. தெருவில் சைக்கிளில் போனவர் வெறும் நிழலாகக் கடந்தார். டீச்சர் மெல்ல வெளியே போய் எட்டிப் பார்த்தாள். தன் கதிரை அவளுக்கே தெரியவில்லை.

திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தலைத்துணி மடியில் கிடந்தது. அப்போதுதான் அஸாம் அழைத்தான்.

“உம்மா, இடுப்பு நோவாமே. கண்ணாடி கழுவ ஆள் அனுப்பட்டா?”

“வேணாம் மகன். இப்பதான் அது சுவராகியிருக்கு.”