ஈட்டித் துப்பாக்கியும் என் படகும்

வாடகைப் படகு ஓட்டுகிறவனுக்கு மீன் எங்கே கிடைக்கும் என்பதைவிட, அதை எங்கே குத்தக் கூடாது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். வேன், டாக்சி, லாரி ஓட்டும் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தப்புப் பண்ணுவது ஏறினவர். மாட்டுவது நம் வண்டி. ஜெலுத்தோங்கில் என் வீட்டு உலை கொதிப்பது இந்த ஒரு படகை நம்பித்தான்.

கோடு எங்கே?

சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணேசன் புது ஈட்டித் துப்பாக்கியோடு வந்தார். தண்ணீருக்குள் முங்கி மீனைக் குத்தும் சாமான் அது. போனில் ஒரு தீவைக் காட்டி, அங்கே விடச் சொன்னார். அது கடல் பூங்கா, தீவு மட்டுமில்லை, சுற்றியுள்ள தண்ணீரிலும் மீனைத் தொடக் கூடாது என்றேன். மனிதர் நம்பவில்லை. எல்லைக் கோட்டைத் தேடி இரண்டு விரலால் வரைபடத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"அண்ணே, எவ்ளோ பெருசாக்குனாலும் வெறும் நீலமாத்தான்லா இருக்கு!"

போனை எடுப்பவர்

சந்தேகம் வந்தால் மீன்வள இலாகாவுக்குப் போன் போட்டுவிடுவேன். விதி மாறியிருக்கலாம், புது இடம் சேர்ந்திருக்கலாம். காபிக்கடையில் காதில் விழுந்ததை நம்பி யாரையும் கடலில் இறக்க முடியுமா? அங்கே போனை எடுக்கும் தமிழ்ப் பெண் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை, சும்மா சும்மா தொந்தரவு கொடுக்கிறேனே என்று வருத்தப்பட்டேன்.

"கேளுங்கண்ணே. மாட்டிக்கிட்டு வந்து அழறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் எனக்குக் கஷ்டம்."

துண்டுக்கு அடியில்

காதர் பாய் ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். மனைவி மக்களோடு கடல் பூங்காவில் மீன் பார்க்க என் படகைப் பேசியிருந்தார். எல்லாரும் ஏறுமுன் வழக்கம்போலச் சொன்னேன்: பூங்காவில் ஈட்டித் துப்பாக்கியைப் பயன்படுத்தவே வேண்டாம், படகில் வைத்திருந்தாலே குற்றம், படகே பறிபோய்விடும். தன்னிடம் அப்படி எதுவும் இல்லை என்றார் பாய்.

படகில் ஒரு காலை வைத்த அவர் மனைவி, காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"என்னங்க, துண்டுக்கு அடியில இருக்குறத கார்ல வெச்சிட்டு வாங்க. பிடிச்சா அண்ணனுக்குப் படகே போயிரும். அவங்க வீட்ல அடுப்பு எரிய வேணாமா?"

திரும்பும் வழியில், பூங்காவைத் தாண்டி, நாலு மீன் குத்தலாம் என்று பாய் நினைத்திருக்கிறார். முனகிக்கொண்டே போய் வைத்துவிட்டு வந்தார்.

பூங்காவுக்குள் நுழைந்ததுமே மீன்வள இலாகாவின் அமலாக்கப் படகு எங்களை நிறுத்தியது. ஒரு பை விடாமல் திறந்து பார்த்தார்கள். துண்டும் சோற்றுப் பொட்டலமும்தான் இருந்தன. "ஓகே, ஜாலான்" என்று கையசைத்துப் போகச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தங்கச்சியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"என்னைய எதுக்குண்ணே கும்பிடுறீங்க? பிள்ளைங்களுக்கு மீனைக் காட்டுங்க."

எங்கே குத்தலாம், எங்கே கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணும் என் படகு இன்றும் மிதப்பது, நீச்சல்கூடத் தெரியாத அந்தத் தங்கச்சியின் புண்ணியத்தில்தான்.