மூன்றாம் கட்டிலின் நாடி

தான் எழுதிய புரோகிராமில் தப்பு இருக்கும் என்ற சந்தேகமே அன்புச்செல்விக்கு வராது. சந்தேகப்பட்டவர்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொல்வாள். அதுதான் இன்னும் எரிச்சல். கோடம்பாக்கத்தில் சினிமா லைட்மேனின் மகள். தி. நகரில் ஒரு துணிக்கடை மாடியில் நாங்கள் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர், அவளும் நானும். மூளை அவளுடையது, வாய் என்னுடையது.

1998இல் அடையாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி எங்களைக் கூப்பிட்டது. தீவிர சிகிச்சைக்கென்று புதிதாக ஒரு வார்டு, எட்டுக் கட்டில். எட்டுப் பேரின் நாடித்துடிப்பும் நர்ஸ் மேஜையில் ஒரே திரையில் தெரிய வேண்டும். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான்.

மற்றவர்கள் எழுதினால், திரை ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு கட்டிலையும் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்புச்செல்வி அதைத் தலைகீழாக்கினாள். திரை ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், வீட்டுக்குப் பேப்பர் வருகிற மாதிரி கட்டிலிலிருந்தே செய்தி வந்துவிடும். அதுவும் எண் மாறினால் மட்டும். மாறாதபோது எதற்கு வீண் தொந்தரவு என்றாள். பிரமாதம் என்று நானும் தலையாட்டினேன்.

சோதனை நாளன்று நோயாளி நான்தான். வார்டு இன்னும் திறக்கவில்லை. மூன்றாம் கட்டிலில், விரலில் நாடி பார்க்கும் கிளிப்போடு படுத்திருந்தேன். பெரிய டாக்டரிடம் அவள் விளக்க ஆரம்பித்து அரை மணி ஆயிற்று. என்னை எல்லாரும் மறந்தே போனார்கள். கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே போய் டீ வாங்கி வந்து அவர்கள் பின்னால் நின்றேன்.

தலைமை நர்ஸ் சொர்ணம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? ஆளு இங்க நின்னுக்கினு டீ குடிக்கிறாரு. உன் பொட்டில நாடி எழுபத்தினாலுன்னு காட்டிக்கினு கீதே.”

கிளிப் போனதும் செய்தி நின்றுவிட்டது. செய்தி வராததால் மாற்றம் எதுவும் இல்லை என்று திரை பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே நிஜ நோயாளி படுத்திருந்தால் என்று நினைத்ததும் டீயை மேஜையில் வைத்துவிட்டேன். ஒயர் மேல் பழியைப் போட வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“தப்பு என்னோடது டாக்டர். செய்தி வரலேன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க.”

கெஞ்சவில்லை. டாக்டரும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடி படுத்தேன். இப்போது எண் மாறினாலும் மாறாவிட்டாலும் நொடிக்கு ஒருமுறை செய்தி வந்தாக வேண்டும். ஐந்து நொடி வராவிட்டால் திரை சிவந்து மணி அடிக்கும். சொர்ணம் யாரிடமும் சொல்லாமல் வந்து என் விரலிலிருந்து கிளிப்பை உருவினார். மணி அடித்தது. மாட்டினார், நின்றது. இப்படி நாலு தடவை. பிறகு மேஜைக்குப் போய், கட்டில்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

மணியை நம்பிவிட்டார், ஆர்டர் எங்களுக்குத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்தேன். அன்புச்செல்வி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, ஐந்தாவது தடவையாகக் கிளிப்பைத் தானே கழற்றினாள்.