கம்பியைக் கழற்றிக் காட்டுபவர்

பாட்டரிக் கம்பியைக் கழற்றுவதற்கு முன் மெக்கானிக் கேரண்டி இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் குறைந்தது நான்கு பேர் நிற்க வேண்டும். மூன்று பேர்தான் என்றால் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டு எண்ணிக்கையைச் சரிசெய்வார். பிறகு சட்டையின் இடது பையிலிருந்து பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரை எடுத்து, நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சட்டென்று உருவுவார். அந்த நொடியில் விளக்கு ஒரு துள்ளு துள்ளிப் பளீரென்று எரியும்.

"பாத்தீங்களா? பாட்டரியே இல்ல! அப்புறம் வெளிச்சம் எங்கேர்ந்து வருது? நான் கட்டின ஆல்ட்டர்னேட்டர்லேர்ந்து வருது. நான் இருக்கிற வரைக்கும் கேரண்டி!"

கூட்டம் ‘ஆ’ என்னும். கம்பி மறுபடி மாட்டப்படும். செருமலிலிருந்து மாட்டுவது வரை சராசரியாக ஐம்பது வினாடி.

ஊரில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மின்சாரக் கட்டணச் சீட்டு வரும்போதுதான் அது அவருக்கே நினைவுக்கு வரும். வயது ஐம்பத்தெட்டு. பத்தடிக்குப் பதினாலடி கடை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரியை நிரப்புவது ஆல்ட்டர்னேட்டரின் வேலை. அது படுத்துவிட்டால் லாரிக்கு இரண்டு நாளில் விளக்கு மங்கும், மூன்றாம் நாள் எஞ்சின் கிளம்பாது. அப்படிப் படுத்ததைப் பிரித்துக் கட்டுவது இவர் தொழில். பதினைந்து வயதுக்குக் குறைந்த வண்டியைத் தொடமாட்டார். "அதெல்லாம் கம்ப்யூட்டர் சார். அதுக்கு நான் எதுக்கு?" என்பார்.

அவர் பிரித்துக் கட்டுவதைப் பார்க்க வேண்டும். திறப்பதற்கு முன் மூடிகள் சேருமிடத்தில் உளியால் ஒரு கோடு கீறுவார், திரும்ப மூடும்போது அந்தக் கோடு இம்மியும் பிசகாது. உள்ளே சுழலும் செம்பு வளையங்களை நைசான உப்புத்தாளால் தேய்த்துத் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் தலையை ஒருமுறை கோதிக்கொள்வார். அந்த வளையங்களை உரசி உரசித் தேய்ந்த கார்பன் கட்டைகளை மாற்றுவார். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிக் கேட்பார். டையோடு என்று சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய உறுப்பு உண்டு, மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் போகவிடும் வாயிற்காவலன் அது. அவற்றை வரிசையாக ஈயத்தால் பற்றவைக்கும்போது மூச்சு விடமாட்டார். வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்பட்டதில்லை. நான் குறை தேடாமல் இருந்தவனும் இல்லை.

ஆனால் கடையில் எழுதுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பில் புத்தகம் இல்லை, நாள்காட்டி இல்லை, பேனாவும் இல்லை. ஒருமுறை காரணம் கேட்டேன். "எழுதி வெச்சா வண்டி திரும்பி வந்துடும் சார். வாயால சொன்னா போயிடும்" என்றார். ஒரு பண்டகசாலையில் முப்பத்தேழு வருடம் பதிவேடு எழுதியவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? என் மாடி ஜன்னல் அவர் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. அன்று மாலையே ஒரு நோட்டுக்குக் கோடு போட்டேன். வண்டி வந்த நாள், போன நாள், திரும்பிய நாள், அவர் சொன்ன காரணம்.

காரணங்களைத்தான் வாசகர்கள் பார்க்க வேண்டும். திரும்பி வந்த வண்டி ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒன்று தயாராக இருக்கும். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறவர். வண்டியைக் கழுவினவன் தண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டான். பாட்டுப்பெட்டியில் சத்தம் அதிகம். பெல்ட் சரியில்லை. சாலை சரியில்லை. மழை. மழை இல்லாததால் தூசி. இரண்டு வருடம் மூன்று மாதத்தில் இருபத்தொன்பது வண்டிகள் திரும்பி வந்தன. சொல்லப்பட்ட காரணங்கள் பதினேழு. அவற்றுள் எதிலும் அவர் இல்லை. திரும்பி வந்ததை முகம் சுளிக்காமல் மறுபடி பிரித்துக் கட்டித் தருவார் என்பதையும் எழுதியாக வேண்டும். அதனால்தான் ‘கேரண்டி’ என்ற பெயர் நிலைத்தது. அந்தச் சொல்லுக்கு, பழுதாகாது என்று பொருள் கொண்டவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பழுதானால் பார்த்துக்கொள்வார் என்று பொருள் கொண்டவர்கள் மிஞ்சினார்கள்.

அப்படி மிஞ்சியவர்களில் முதன்மையானவர் அவருடைய அக்கா. பால் பண்ணையிலிருந்து கடைகளுக்குப் பால் கேன் ஏற்றிப்போகும் இருபத்தாறு வயது லாரி அவருடையது. தானே ஓட்டுவார். பத்தொன்பது மாதத்தில் ஏழு முறை ஆல்ட்டர்னேட்டர் படுத்தது, ஏழு முறையும் தம்பியிடமே வந்தார். மூடியைப் பூட்டும்போது கார்பனை உள்ளே அழுத்திப் பிடிக்க மெல்லிய கம்பி ஒன்று தேவைப்படும். அப்போதெல்லாம் அக்கா தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுப்பார். வேலை முடிந்ததும் அதைத் துடைத்து மறுபடி செருகிக்கொள்வார். கடைசியில் கம்பியைக் கழற்றிக் காட்டும்போது கூட்டத்தில் உரக்கக் கைதட்டுகிறவரும் அவர்தான்.

எட்டாவது முறை, போன செவ்வாய்க்கிழமை, லாரி கயிற்றில் இழுபட்டு வந்தது. அக்கா இறங்கி வந்த விதத்தில் பஞ்சர் கடைக்காரர் டியூபைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"டேய், விடிகாலையில விளக்கு எரியல. விடியற வரைக்கும் ரோட்டோரம் உக்காந்திருந்தேன். முப்பது கேன் பாலும் திரிஞ்சுபோச்சு. பண்ணை மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? இன்னொரு தடவை நின்னா ரூட்ட வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னுட்டார்."

"அக்கா, அது பெல்ட்டு..."

"போன தடவையும் பெல்ட்டுன்னு சொல்லிப் புது பெல்ட்டு போட்டாச்சு. அதுக்கு முன்னாடி பாட்டரின்னே, அதையும் மாத்தியாச்சு. இனி என்னையத்தான் மாத்தணும்!"

கேரண்டி குனிந்து பெல்ட்டை அழுத்திப் பார்த்தார்.

"எல்லாரும் புதுசு ஒண்ணு வாங்கி மாட்டுன்னு தலையால அடிச்சுக்கறாங்க. என் தம்பி இருக்கான்னு சொல்லிட்டுத் திரியறேன் நான். இதோட கடைசி. இன்னொரு வாட்டி நின்னா வண்டிய எடைக்குப் போட்டுட்டுப் பொண்ணு வீட்டுல போய் உக்காந்துடுவேன். உன் கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்."

அன்று பிற்பகல் தெருவைக் கடந்து போனேன். ஆல்ட்டர்னேட்டர் மேசைமேல் பிரிந்து கிடந்தது. ஒன்பது டையோடுகளில் மூன்று தீய்ந்திருந்தன. நோட்டை அதன் பக்கத்தில் வைத்தேன். பிரித்துக் கட்டியது மொத்தம் நாற்பத்தாறு முறை. கம்பியைக் கழற்றிக் காட்டியது நாற்பத்திரண்டு. அவற்றில் மூன்று மாதத்துக்குள் திரும்பியவை இருபத்தொன்பது. கழற்றிக் காட்டாமல் போனவை நான்கு. பற்றவைக்கும் கோலில் வலது சுட்டுவிரலைச் சுட்டுக்கொண்டு, பதினோரு நாள் கட்டுப் போட்டு, ஸ்பானர் பிடிக்க முடியாமல் இருந்தாரே, அப்போது போனவை. அந்த நான்கும் ஒரு வருடத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை.

அவர் நோட்டைத் தொடவில்லை. ஏதோ தேளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார், இத்தனை நாளா எழுதிட்டா இருந்தீங்க?"

"ஆமாம்."

"அதான் பார்த்தேன்! ரெண்டு வருஷமா வண்டியெல்லாம் ஏன் திரும்பித் திரும்பி வருதுன்னு மண்டைய உடைச்சிக்கிட்டிருந்தேன்!"

இது பதினெட்டாவது காரணம். குறித்துக்கொண்டேன்.

மேசை ஓரத்தில் ஸ்குரூக்கள் போட்டு வைத்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். புது டையோடு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் சீட்டு அது. அவர் இதுவரை பொட்டலம் மடிக்க மட்டும் பயன்படுத்தியது. ‘எஞ்சின் ஓடும்போது பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் மின்னழுத்தம் திடீரென எகிறி டையோடுகள் பழுதாகும்’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. கூட்டம் இத்தனை நாளும் ‘ஆ’ என்றது அந்த எகிறலைப் பார்த்துத்தான்.

"கம்பெனிக்காரன் பயத்துல போடறது சார். தீப்பெட்டியிலகூட ஜாக்கிரதைன்னு போட்டிருக்கான். அதுக்காக அடுப்பு பத்தவைக்காம இருக்கோமா? டைனமோ காலத்துலேர்ந்து என் குரு இப்படித்தான் பார்ப்பார். நானும் இப்படித்தான் பார்க்கறேன்."

"இது டைனமோ இல்லையே. டைனமோவில் ஏது டையோடு?"

"கழட்டிக் காட்டலன்னா வேலை முடிஞ்சதுன்னு எவன் சார் நம்புவான்?"

"விரல் கட்டுப் போட்டிருந்த பதினோரு நாள் நம்பினார்களே?"

அவர் வலது சுட்டுவிரலைத் திருப்பிப் பார்த்தார். நுனியில் பழைய தழும்பு பருப்பளவுக்குப் பளபளத்தது.

"அது... நல்ல நேரமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, சீட்டைப் பழையபடி மடித்து ஸ்குரூக்களை அதிலேயே போட்டார்.

மறுநாள் முற்பகல் பதினொன்று இருபதுக்கு வேலை முடிந்தது. இந்த முறை அக்கா கொண்டை ஊசியைக் கொடுக்கவில்லை. கேரண்டி சைக்கிள் கம்பித் துண்டு ஒன்றைத் தேடியெடுத்துச் சமாளித்தார். பெல்ட்டை மாட்டி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். முகப்பு விளக்கு வெயிலிலும் தெரியும்படி நிதானமாக எரிந்தது. அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர், காத்திருந்த இரண்டு டிரைவர்கள், தெருவில் போன ஒருவர். நான்கு பேர். எல்லாம் முறைப்படி.

"என்ன அண்ணே, ஆரம்பிங்க" என்றார் ஒரு டிரைவர்.

கேரண்டி ஒருமுறை செருமினார். ஸ்பானரை எடுத்தார். நட்டின்மேல் வைத்தார். இரண்டாவது செருமல் வரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் நின்ற எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பதினான்கு வினாடி அப்படியே நின்றார்.

டிரைவர் இருக்கையிலிருந்து அக்கா தலையை நீட்டினார். "என்னடா நிக்கறே? கழட்டிக் காட்டு. அதப் பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"கழட்டுங்கண்ணே" என்றார் பஞ்சர் கடைக்காரரும்.

"ஒரு நிமிஷம்க்கா."

ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் போனார். லாரிக்குப் பின்னால் நிற்பவர்களுக்குக் கடையின் உட்பக்கம் தெரியாது. என் ஜன்னலிலிருந்து தெரியும். மேசை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணிச் சுருளை எடுத்தார். வலது சுட்டுவிரலை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். புதுக் காயம் எதுவும் இல்லை. அந்த விரலில் துணியைச் சுற்றத் தொடங்கினார். மூன்று சுற்று. முடிச்சுப் போட்டு, அதன் ஒரு முனையைப் பல்லால் கடித்து, நன்றாக இழுத்து இறுக்கினார்.