காக்கா தூங்கப் போன ஊர்கள்

எங்கள் காக்கா தாவூத் தூக்கத்துக்குப் பேர் போனவர். அவருடைய நிக்காஹ் அன்று ஓதி முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் தலை தொங்கிப் போய், பக்கத்தில் இருந்தவர் தொடையில் கிள்ளித்தான் பதில் சொல்ல வைத்தார். அவர் மனைவி சைனபு மைனி முதல் பிரசவத்துக்கு உள்ளே போயிருக்க, ஆஸ்பத்திரி பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிய மனிதர் இவர். அதை மைனி இன்னும் மன்னிக்கவில்லை. அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் போன செப்டம்பரில் தூக்கம் போய்விட்டது என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. வயசு நாற்பத்தெட்டு, சுகர் எட்டிப் பார்த்திருக்கும், வெந்தயம் ஊறவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு என் தையல் மிஷினைப் பார்க்கப் போய்விட்டேன்.

காக்கா என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் பறவையைத் தேடுவீர்கள். எங்கள் வாப்பாவுக்கு ஊர் காயல்பட்டினம். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மராத்திக்காரர்களிடமும் இதே சொல் இருக்கிறது, அவர்களுக்கு அது சித்தப்பா. அதோடு நின்றாலும் பரவாயில்லை. நாங்கள் இருக்கிற புனேயில் நாலு முடி நரைத்த ஆண் யாராக இருந்தாலும் காக்காதான். வாட்ச்மேன் காக்கா, ரிக்‌ஷா காக்கா, பால்காரக் காக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, எங்கள் காக்கா வீட்டிலேயும் காக்கா, வெளியிலேயும் காக்கா. "ஒங்க அண்ணனுக்கு ஊரு பூரா தங்கச்சிதான்" என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா என்னைக் கிண்டல் செய்வாள்.

அவர் பத்தொன்பது வருஷமாக மஞ்சள் வேன் ஓட்டுகிறார். அதற்கு முன் கட்கி பஜாரில் வாப்பாவின் துணிக்கடையில் உட்கார்ந்து பார்த்தார். விலை கேட்டு வந்தவரிடம் 'அடுத்த கடையில் இதைவிட நல்லது இருக்கு' என்று சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு எந்தக் கடை ஓடும்? பிறகு சிஞ்ச்வட்டில் உதிரிபாகம் ஏற்றுகிற டெம்போ ஓட்டினார். இரும்போடு பேச முடியவில்லை என்று அதையும் விட்டார். வேனில்தான் மனிதர் நிலைத்தார். இப்போது பதின்மூன்று பிள்ளைகள். எந்தத் தண்ணீர் பாட்டில் யாருடையது, எவனுக்கு வளைவில் வாந்தி வரும், எவள் அம்மா முகத்தைப் பார்த்தால் மட்டும் அழுவாள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் வருஷம் ஏற்றிப்போன பையன் ஒருவன் போன வருஷம் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான். அதை அவர் காட்டாத ஆள் எங்கள் போபோடிப் பேட்டையில் பாக்கி இல்லை.

தீபாவளி லீவு விட்ட அன்று சாயங்காலம் வேனைக் கழுவி நிறுத்திவிட்டு என் வீட்டுக்கு வந்தார். கண்கள் இரண்டும் உள்ளே போய்க் கிடந்தன. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அனீசா, பத்து நாள்ல ஸ்கூல் தொறக்குறான். அதுக்குள்ள எனக்குத் தூக்கம் வரணும். வரலேன்னா நான் வண்டியத் தொடமாட்டேன்."

"என்ன பேச்சு பேசுறிய காக்கா? ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க."

"மாத்திரையப் போட்டுட்டு காலைல ஆறு மணிக்குப் புள்ளையள ஏத்தச் சொல்றியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தூக்கம் வரவில்லை என்று பத்தொன்பது வருஷத் தொழிலை யாராவது தூக்கிப் போடுவார்களா? வேன் இல்லாத காக்காவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சரி, தூங்க வைக்கிறேன் பார் என்று கிளம்பினேன்.

போபோடியில் அது நடக்கிற காரியமில்லை. ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் சந்து பூராவும் பட்டாசு. எனவே அவரை வாகட்டில் என் மகள் ஷாஜியா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஹிஞ்சேவாடியில் வேலை, ஆறாவது மாடியில் ஃபிளாட், ஏசி, வெளிச்சமே புகாத திரைச்சீலை. ஷாஜியா தன் கடிகாரத்தைக் கழற்றி மாமாவின் கையில் கட்டினாள். தூக்கத்துக்கு அது மார்க் போடுமாம்.

"மம்மி, நீ உள்ள போய் போய் பாக்காத. மாமாக்கு டிஸ்டர்ப் ஆகும்" என்றாள்.

அவள் சொல்லி நான் கேட்பதா? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து, "காக்கா, தூங்கிட்டியளா காக்கா?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். என் தலை மறைந்தால் கீழே கிரிக்கெட். பந்து ஓடும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனைப் பார்த்து "காக்கா! காக்கா!" என்று கத்துவது ஆறு மாடி ஏறி வந்தது. முதல் நாள் மார்க் நூற்றுக்கு இருபத்தொன்று. இரண்டாம் நாள் பத்தொன்பது. மூன்றாம் நாள், கடிகாரத்தை யாரும் கட்டியிருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

"இப்பல்லாம் ஜனங்க தூங்குறதுக்குன்னே ட்ரிப் போறாங்க மம்மி. ஊர் பாக்க எல்லாம் இல்ல. போய், தூங்கி, வாபஸ் வர்றாங்க" என்றாள் ஷாஜியா.

"படுக்குறதுக்கு எதுக்குடி டிக்கெட்டு?" என்று கேட்டேன். அதற்குள் அவள் போனில் லோனாவாலாவில் ஒரு இடத்தை எடுத்துவிட்டாள். வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை காக்கா, மைனி, நான் மூன்று பேருக்கும் ஒரு காட்டேஜ். திங்கள்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

அந்த இடத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். தலையணைக்கே ஒரு பட்டியல் கொடுத்தார்கள், ஏழு தினுசு. அதில் ஒன்று உமி அடைத்தது. அதற்கும் வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேர். கால் கழுவ வாசனைத் தண்ணீர், குடிக்க ஜாதிக்காய் போட்ட பால். டிவி கிடையாது, கதவுகூடச் சத்தம் போடாமல் சாத்தியது. காக்கா ஏழு தலையணையிலும் தலை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை மத்தியானமும் போகும்போலத்தான் இருந்தது. மைனி தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போனேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். நாங்கள் தூங்குவதற்கு வந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றரை மணி இருக்கும், வராந்தாவில் சாய்வு நாற்காலியில் அவர் வாய் மெல்லத் திறந்தது. மைனி என் கையைப் பிடித்துக் காட்டினார். இரண்டு மாசத்தில் முதல் தடவையாக அந்தக் குறட்டையைக் கேட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி தட்டோடு வந்து, மெதுவாக, எவ்வளவோ மரியாதையாக, "காக்கா, டீ?" என்றாள்.

கண் திறப்பதற்கு முன்னே காக்காவின் வலது கால் விறைத்து நீண்டது. பாதத்தால் தரையை அழுத்தி மிதித்தார், நாற்காலி கிரீச்சென்று பின்னால் போனது. கைகள் இரண்டும் அந்தரத்தில் எதையோ பிடித்திருந்தன. பிறகுதான் விழித்தார். அந்தப் பெண் பயந்து தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

மைனி என்னைத் தள்ளிக்கொண்டு போய், "தெனமும் இப்படித்தான் அனீசா. என் காலையே மிதிச்சிப்புடுறாரு. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காரு" என்றார்.

டிரைவரின் தங்கச்சிக்கு அது எந்தக் கால் என்று சொல்லித் தர வேண்டுமா? பிரேக் மிதிக்கிற கால்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோக்கலில் திரும்பினோம். லோனாவாலாவில் புறப்படுகிற ரயில், பெட்டி காலியாகத்தான் இருந்தது. காக்கா ஜன்னலோரம், நானும் மைனியும் எதிரே. மளவ்லி ஸ்டேஷன் தாண்டியதும் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"யார அடிச்சிய காக்கா?"

அந்தக் கடைசிச் சொல்லுக்கு அவர் கால் லேசாக ஒரு துள்ளு துள்ளியது.

"யாரையும் அடிக்கல" என்றார். வெளியே பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

செப்டம்பரில் மைனியின் தம்பி உம்ரா செய்ய மக்காவுக்குக் கிளம்பினார். அவரை மும்பை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு விடிகாலையில் திரும்பிய காக்கா, அப்படியே வேனை எடுத்துவிட்டார். ஔந்து போகும் பாலத்தில் கண் அசந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. முதல் சீட்டில் ஓவி என்று நாலு வயசுப் பிள்ளை. அது "காக்கா!" என்று கத்தியிருக்கிறது. கண்ணைத் திறந்தால் முன்னால் ரோடு பெருக்குகிற ஒரு பெண், ஒரு கை தூரத்தில். பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். அந்தப் பெண் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி பெருக்கப் போய்விட்டாள்.

"புள்ள பாத்துதானே கத்துச்சு? அல்லா காப்பாத்துனான்" என்றார் மைனி.

"பாக்கல சைனபு. பாட்டில் மூடி தொறக்க வரல. அதுக்குக் கூப்புட்டுச்சு." அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடி லேசா இருந்திருந்தா கூப்புட்டே இருக்காது. வண்டி நின்னதும் பதிமூணு புள்ளையளும் கை தட்டுச்சு. வெளயாட்டுன்னு நெனச்சிட்டுதுவோ. இன்னொரு தடவ காக்கா, இன்னொரு தடவன்னு கேட்டுச்சுவோ."

மைனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தன் தம்பியால் வந்தது என்று நினைத்திருப்பார்.

"அன்னையிலேருந்து கண்ண மூடுனா யாராச்சும் காக்காங்குறாங்க. நான் பதறி முழிச்சா ஒன்னும் இல்ல. பாதி நேரம் நீதான் நிக்குறே."

என்னை ஏதோ செய்தது. ஆனால் முதலில் வாயில் வந்தது ஆத்திரம்தான். "ரெண்டு மாசம் தூக்கமில்லாத கண்ணோட அந்தப் புள்ளையள ஏத்தியிருக்கிய. பெத்தவங்கள்ள ஒருத்தர்ட்டயாச்சும் சொன்னியளா? ஷாஜியா அந்த வண்டில போயிருந்தா சும்மா விட்டிருப்பேனா நான்?" என்று கத்தினேன். அடுத்த சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். காக்கா தலை நிமிரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. அவரைத் தூங்க வைக்கிறேன் என்று கிளம்பி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பாலத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தானே.

"சொல்லிடுறேன்" என்றார்.

பெற்றோர்களின் வாட்ஸப் குழுவைத் திறந்தார். மராத்தி பேச்சில் சரளம், எழுத வராது. குரல் பதிவு பட்டனை அழுத்தி, வாயருகே பிடித்துக்கொண்டு, "மீ தாவூத் காக்கா போல்தோய்" என்று தொடங்கினார். தாவூத் காக்கா பேசுகிறேன் என்று. அந்தச் சொல்லை அவரே தன்னைப் பார்த்துச் சொல்லும்போது கால் ஒருமுறை அசைந்தது. பாலம், ஓவி, பெருக்குகிற பெண், இரண்டு மாசம், ஒன்றையும் விடவில்லை. நாளைக்குப் பிள்ளைகளை அனுப்புவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று முடித்தார். அதற்குள் காம்ஷேத் வந்து போய்விட்டது. போனை என்னிடம் நீட்டினார்.

"நீ வச்சிக்க. என்ன வந்தாலும் இப்ப சொல்லாத."

தளேகாவ் வருவதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது.

என் மடியில் பை, பைக்குள் போன். அது அதிர ஆரம்பித்தது. ஒருவர் எங்கள் பிள்ளையை இனி அனுப்ப மாட்டோம் என்றார். இன்னொருவர் இவ்வளவு நாள் மறைத்ததற்கு என்ன பேர் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தேஹு ரோடு தாண்டுவதற்குள் நான்கு பேர் நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மா, 'நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்து சொல்லுங்கள், அதுவரை நாங்களே கொண்டுபோய் விடுகிறோம்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஆறேழு பேர் கட்டைவிரலைக் காட்டியிருந்தார்கள். சிஞ்ச்வட்டில் கூட்டம் ஏறியது. ஓவியின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. காசர்வாடியில் அவருடைய செய்தி வந்தது. 'சொன்னதற்கு நன்றி. ஓவி இனி வரமாட்டாள்.' அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. காக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

கட்கி வந்தது. நாங்கள் இறங்க வேண்டிய இடம். மைனி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து என்னைப் பார்த்தார். எழுப்புவதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல். பிறந்ததிலிருந்து வேறொன்றால் நான் அவரைக் கூப்பிட்டதில்லை.

"உக்காருங்க மைனி" என்றேன்.

சிவாஜி நகர் போய், புனே ஸ்டேஷனில் பெட்டி மொத்தமும் காலியானது. கொஞ்ச நேரத்தில் அதே ரயில் லோனாவாலாவுக்குத் திரும்பும். புதுக் கூட்டம் ஏறத் தொடங்கியது, கூடவே டிக்கெட் பரிசோதகரும். எங்கள் டிக்கெட்டைப் பார்த்து, கட்கியில் இறங்காமல் இங்கே என்ன செய்கிறீர்கள் என்றார். நான் பதில் தேடுவதற்குள் ஜன்னல் கம்பியில் பேனாவால் தட்டி, நல்ல கனத்த குரலில், "காக்கா! ஓ காக்கா!" என்று கூப்பிட்டுவிட்டார்.

நான் பாய்ந்து பரிசோதகரின் கையைப் பிடித்துவிட்டேன். பிறகு குனிந்து காக்காவின் வலது காலைப் பார்த்தேன். செருப்பு கழன்று, பாதம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அசையவில்லை. வாய் பிளந்திருந்தது.

"எங்கதான் போகணும் உங்களுக்கு?" என்று இந்தியில் கேட்டார் பரிசோதகர்.

"எங்கயும் போக வேண்டாம். இவர் தூங்கணும்" என்றேன். என் பைக்குள் போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அபராத ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

லோனாவாலா வரைக்கும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.