மான்குர்த் கம்பியில் வெங்கட்ராமன் சார் பார்த்த பறவை

தசரா முடிஞ்ச அன்னைக்கே சொன்னம்லா… யாரு கேட்டா?

"குளிர் வர்றதுக்குள்ள சார் போயிருவாரு. போனபிறகுதான் இந்த குரூப்காரங்க அவரைப் பெருசாப் பேசுவாங்க"ன்னு டாக்சி ஸ்டாண்டுல அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன். ரெண்டும் பக்காவா நடந்துருச்சு.

மாட்டுங்கா வெங்கட்ராமன் சார் இன்னைக்குக் காலையில தவறிட்டார். நுரையீரல். கொஞ்ச நாளாவே வீட்டுல ஆக்சிஜன் வச்சுத்தான் இருந்தார்.

எரிச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். குளிச்சாச்சு. சாப்பிடத் தோணல. போன்ல ஆர்ஐபி ஆர்ஐபின்னு வந்து விழுது. படிக்கத் தெம்பில்ல.

குரூப்புன்னு நான் சொல்றது, பறவை பார்க்கிறவங்க வாட்ஸ்அப் குரூப். மழை முடிஞ்சு வெளிநாட்டுப் பறவைங்க வர ஆரம்பிச்சா இவங்களுக்குத் தூக்கம் கிடையாது. எங்கே, என்ன, எத்தனைன்னு காலையிலேயே மெசேஜ் பறக்கும்.

அதுல டாக்சி டிரைவர் நான் ஒருத்தன்தான். தாராவிக்காரனும் நான் ஒருத்தன்தான். மும்பையில பறவை பார்க்கிற பழக்கம் வளர்ந்ததே என் வண்டியாலதான். இல்லைன்னு எவனாவது சொன்னா கமெண்ட்ல வரட்டும்.

சார் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவர். ஞாயித்துக்கிழமை விடியுமுன்னே மாட்டுங்கா மார்க்கெட் முனையில நிப்பார். கழுத்துல பைனாகுலர், பையில மாமி கட்டிக் கொடுத்த இட்லி. எனக்கும் சேர்த்துத்தான்.

வண்டியில ஏறினதும் முதல் வார்த்தை, "ஓய், இன்னிக்கு ஹாரன் அடிக்கப்படாது."

பாம்பேயில ஹாரன் அடிக்காம ஓட்டச் சொன்ன ஒரே மனுஷன். நானும் முயற்சி பண்ணுவேன்… செம்பூர் நாக்கா சந்திப்பு வரைக்கும் தாங்கும்.

போன வருஷம் தீபாவளி கழிஞ்சு ஒரு காலை. மான்குர்த் தாண்டி, கடல் உள்ள வர்ற கிரீக் பக்கம் போயிட்டிருக்கோம். "நிறுத்தும்… நிறுத்தும் ஓய்!"னு பின்னாடி இருந்து என் தோளைப் பிடிச்சு உலுக்கிட்டார்.

கரண்ட் கம்பியில ஒரு பறவை. அமூர் ஃபால்கன், சின்ன வல்லூறு. சைபீரியா பக்கம் இருந்து கிளம்பி, கடல் தாண்டி ஆப்பிரிக்கா போற ஜாதி. நடுவுல நம்ம மான்குர்துல சாய் குடிக்க நின்ன மாதிரி உட்கார்ந்திருக்கு. மும்பைக்குள்ள அதைப் பார்க்கிறது லாட்டரி அடிக்கிற மாதிரியாம்.

கேமரா பைக்குள்ள கிடந்துச்சு. சார் அதை எடுக்கல. முதல்ல பைனாகுலரைக் கழட்டி என் கையில கொடுத்தார். "பாரும்… காலைப் பாரும்"னார். நான் பார்த்து முடிக்கிறதுக்குள்ள அது பறந்துருச்சு.

குரூப்ல போட்டார். உடனே கேள்வி, போட்டோ எங்கே? போட்டோ இல்லைன்னா கூட இருந்து பார்த்த இன்னொருத்தர் சொல்லணும். அங்க அதுதான் வழக்கம்.

அந்த இன்னொருத்தர் நான்தானே… விடுவேனா? ரெக்கையை விரிச்சா என் டாக்சி அகலம், கம்பியே தொய்ஞ்சு போச்சுன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

சிரிக்கிற பொம்மையா வந்து கொட்டுச்சு. "அங்கிள், அது ஏர்போர்ட்டுக்குப் போற வழி தவறின ப்ளேனா இருக்கும்"னு அட்மின் மேடம் போட்டாங்க. சார் பார்த்தது ரெக்கார்டுல ஏறல. "வயசாச்சு, வேற எதையோ பார்த்திருப்பார்"னு ஒருத்தன் எழுதினான்.

அதைத்தான் சாரால தாங்க முடியல.

"பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதறவனா ஓய் நான்?"

"நான் சாட்சி இருக்கேனே சார்."

"நீர் சாட்சி சொன்னா உள்ளதும் இல்லைன்னு ஆயிடும். வாயை மூடிண்டு வண்டியை ஓட்டும்."

சொல்லிட்டு இட்லிப் பொட்டலத்தை முன் சீட்டுக்கு நீட்டினார்.

இந்த வருஷம் எப்படியாவது போட்டோ எடுத்துப் போட்டுறணும், தன் வார்த்தையை நிரூபிச்சுறணும்னு அப்படி ஒரு துடிப்பு. ஆனா மாடிப்படி இறங்கவே மூச்சு விடல. அதனால சவாரிக்கு முன்னாடி நான் மான்குர்த் போய்ப் பார்த்துட்டு போன் பண்ணுவேன்.

"இருக்கா?"

"இல்ல சார்."

"நன்னாப் பார்த்தீரா?"

"ஒரு கம்பி விடல சார்."

"சரி… நாளைக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அதுக்கே இளைக்கும். மாமி போனை வாங்கி வச்சிருவாங்க.

இன்னைக்கும் அங்க நின்னுதான் போன் பண்ணினேன். மாமி எடுத்தாங்க. "வீட்டுக்கு வாங்கோ"ன்னு மட்டும் சொன்னாங்க… எனக்குப் புரிஞ்சுருச்சு.

எல்லாம் முடிஞ்சு திரும்பும்போது, தாராவிக்கு வர வேண்டிய வண்டி தன்னால மான்குர்த் போயிருச்சு. அண்ணாந்து பார்க்கேன்… அதே கம்பி. அதே ஃபால்கன். தலையைச் சாய்ச்சு என்னையே பார்க்குது. நான் கும்பிட்டேன். ரெண்டு சுத்து சுத்திட்டு கடல் பக்கமாப் போயிருச்சு. போட்டோ எடுக்கக் கை எழும்பல.

போயிட்டு வாங்க சார். மாமியைப் பார்த்துக்கிடுதோம்.

எடிட்: கமெண்ட்ல எல்லாரும் லொகேஷன் கேக்கீங்க. தானேல இருந்து ஒரு தம்பி விடியக்காலையில கேமராவோட வர்றேன்னு போட்டிருக்கார். வராதீங்க தம்பி.

சாயங்காலம் கம்பி காலியாத்தான் இருந்துச்சு. ஒரு காக்கா கூட இல்ல. ஃபால்கன் வந்துச்சுன்னது நான் சேர்த்தது… சேர்க்கணும்னு தோணுச்சு.

நாளைக்கு நீங்க வந்து ஒண்ணும் இல்லைன்னு திரும்பினா, அவர் பார்த்ததும் அப்படித்தான்னு ஆயிரும். இது என் பொய். அது அவர் பார்த்தது. புறாவைவிடக் கொஞ்சம் ஒல்லி, சாம்பல் கலர், கால் ஆரஞ்சு. கூட நானும் பார்த்தேன்.